முக்கால் இஞ்ச் என்று நான் சொன்ன குழாய்

விம்கோ நகரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் போன மாதம் வெந்நீர்க் குழாய் வேலை நடந்தது. வேலையை எடுத்திருந்த பிரகாசம் முன்பு என்னோடு பிட்டராக இருந்தவன். இப்போது அவனே கான்ட்ராக்டர். கழுவுத்தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன பம்ப்பை வைத்து, குழாயில் ஆறிப்போய் நிற்கும் தண்ணீரை மறுபடி ஹீட்டருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். குழாயைத் திறந்ததும் சூடாக வரும். ஒரு சொட்டு வீணாகாது.

"அண்ணே, இந்த ரிட்டர்ன் லைனுக்கு அரை இஞ்ச் போதுமா, முக்கா போடணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்கோ" என்று பிரகாசம் கேட்டான்.

"பம்ப் தள்ளுது இல்ல, அரையே போதும். பெருசா போட்டா அவ்ளோ தண்ணியும் சும்மா ஆறிகினு கிடக்கும்" என்றேன்.

"உங்க காலத்துல பம்ப்பே கிடையாதே. எப்படிப் போட்டீங்கோ?"

"பயந்துகினே போட்டோம்" என்றேன். அவனும் கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எதற்காகப் பயந்தேன் என்பதை இது வரை யாரிடமும் முழுசாகச் சொன்னதும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிவிட்டேன், இனிமேல் என் லைசென்ஸை யாரும் பிடுங்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் கரி இறக்கியவர். நான் கரி சுமக்கக் கூடாது என்று பதினேழு வயதில் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே மரை போடவும், சணலும் வெள்ளை ஈயமும் வைத்து இணைப்பை இறுக்கவும் கற்றுக்கொண்டேன். இன்னொன்றும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம், மூடி அடைத்த ஒரு டிரம்மைச் சுத்தம் பண்ணுவதற்காக யாரோ அடுப்பில் ஏற்றினார்கள். நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினபோது பட்டறையின் கூரையில் பாதி இல்லை. முனுசாமி என்று ஒருவர், எனக்கு முதல் முதலில் ரெஞ்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், அதன் பிறகு ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தார். வெந்நீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

அறுபதுகளின் நடுவில் பிளம்பர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே சூபர்வைசராக இருந்தவர் ரத்தினவேலு. என்னைவிட இரண்டு வயது சின்னவர், டிப்ளமோ படித்தவர். மற்ற சூபர்வைசர்கள் அம்மா அக்காவை எல்லாம் இழுத்துத்தான் வேலை வாங்குவார்கள். அது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி, காதில் ஏறாது. இவர் யாரையும் திட்ட மாட்டார். மண் சுமக்கிற ஆளைக்கூட 'நீங்க' என்பார். கேள்விதான் கேட்பார். பதில் சரியில்லை என்றால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது நமக்கு வேர்த்துவிடும். சாயங்காலம் ஆளை அனுப்புவதற்கு முன்னால், "வேற எதுனா சொல்லணுமா?" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பார். ஒன்றும் இல்லை என்றால்தான் வீட்டுக்குப் போகலாம். திட்டு வாங்கிப் பழகின எனக்கு அந்த மரியாதை ரொம்ப பேஜாராக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி வீட்டு வேலை வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து யானைக்கவுனியில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்தவர். ராயபுரத்தில் மூன்று மாடி வீடு கட்டினார். அவருக்கு மூச்சிரைப்பு, வருஷம் முழுக்க வெந்நீரில்தான் குளிக்க வேண்டும். பின்கட்டில் விறகு போட்டு எரிக்கிற பெரிய பாய்லர் வைத்து, அங்கிருந்து மூன்று மாடிக்கும் குழாய் இழுக்க வேண்டும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவதற்குள் இரண்டு வாளி பச்சைத்தண்ணீர் போய்விடும். பட்டணத்தில் ஒரு குடத்துக்கு ஆளோடு ஆள் மல்லுக்கு நின்ற காலம் அது. "தண்ணி ஒரு சொட்டு வீணாப் போவக் கூடாது, ஆமா" என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே ரிட்டர்ன் லைன். பம்ப் இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றும் என்றால், சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறினது கனத்துக் கீழே இறங்கும். அந்த வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டே மூன்று மாடியும் சுற்றி வர வேண்டுமென்றால் குழாய் தாராளமாக இருக்க வேண்டும், வளைவு குறைவாக இருக்க வேண்டும், திரும்பி வரும் வழி பாய்லரை நோக்கிச் சரிந்துகொண்டே வர வேண்டும். ரத்தினவேலு சுவரில் கரித்துண்டால் எழுதினார். மேலே ஏறுவது ஒரு இஞ்ச், திரும்புவது முக்கால், குளியலறைக்குப் பிரிவது அரை.

இதுவரை வெந்நீர் வருவதைப் பற்றிய பேச்சு. உயிர் இருப்பது வேறொரு குழாயில். பாய்லர் கொதித்துவிட்டால் ஆவி வெளியேற, மேலே ஏறும் குழாயின் உச்சியிலிருந்து ஒரு குழாய் மொட்டை மாடிக்குப் போய், தொட்டிக்கு மேலே வளைந்து திறந்தபடி நிற்கும். வென்ட் என்போம். கொதித்த தண்ணீர் தொட்டிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க, பச்சைத்தண்ணீர் வரும் வழியில் ஒருவழி வால்வு போட்டிருந்தோம். ஆகவே ஆவிக்கு அந்த ஒரு குழாயை விட்டால் வேறு கதி கிடையாது.

"வென்ட்டு முக்காலுக்குக் கொறையவே கூடாது, சூசை. இது போரிங் தண்ணி. உப்பு கட்டும்" என்று ரத்தினவேலு சொன்னார். சொல்லிவிட்டு எண்ணூரில் இன்னொரு வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் வரவில்லை.

அந்தப் பத்து நாளில் முக்கால் இஞ்ச் குழாய் தீர்ந்துவிட்டது. கடைகளில் சரக்கு இல்லை, இரும்புக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, வென்ட் மட்டும்தான் பாக்கி. அப்போது துறைமுகத்தில் ஏலம் போன கப்பல் சாமான் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் இருபது அடி நீளத்தில் ஒரு குழாய் பார்த்தேன். தூக்கினேன், தோள் இறங்கியது. அப்படி ஒரு கனம். எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, கையில் கனத்தால் நல்ல குழாய். மரை போடுகிற டையை நுனியில் வைத்துப் பார்த்தேன். முக்கால் இஞ்ச் டை கச்சிதமாக உட்கார்ந்தது. நாங்கள் குழாயின் அளவை அப்படித்தான் பார்ப்போம், மரை எந்த அளவோ குழாய் அந்த அளவு.

கப்பலில் உயர்ந்த அழுத்தத்துக்குச் செய்த குழாய் அது. வெளிச்சுற்று எல்லா முக்கால் இஞ்சையும் போலத்தான். சுவர் மட்டும் தடிமன். தடிமன் உள்பக்கமாகத்தானே போக முடியும்? உள்ளே இருந்த துவாரம் அரை இஞ்சுக்கும் குறைவு. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றவும் தோன்றியது. இவ்வளவு உறுதியான குழாய்க்கு என்ன வரப்போகிறது என்று மரை போட்டுவிட்டேன்.

ரத்தினவேலு திரும்பி வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"வென்ட்டு இன்னா சைஸ், சூசை?"

"முக்கா, சார்."

இரண்டாவது தடவை கேட்கவில்லை. என்னை நம்பினார்.

அண்ணாச்சி வீட்டுக்குப் பதிமூன்று அடி போனது. மிச்சம் ஏழு அடி. இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சியின் தம்பி திருவொற்றியூரில் வீடு கட்டினார், அது ஒரே மாடிதான். அங்கேயும் நாங்கள்தான் வேலை. அந்த ஏழு அடி அங்கே வென்ட்டாகப் போனது. தம்பி வீட்டில் பாய்லருக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அடுத்த சில வருஷத்தில் அங்கே நாலு பிள்ளைகள், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வரிசையாக அந்தக் குளியலறையில் குளிக்கும்.

ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. எழுபதுகளின் தொடக்கம், ஒரு மார்கழி மாதம். காலை ஆறேகால் மணிக்கு அண்ணாச்சி கடை ஆள் சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் நின்றான்.

"மேஸ்திரி, பைப்பு செவுத்த ஒதைக்குது. அண்ணாச்சி உடனே இஸ்துகினு வரச் சொன்னாரு."

"இன்னா மாரி ஒதைக்குது?"

"உள்ள ஆளு பூந்து சுத்தியால அடிக்கிற மாரி கீது."

காற்று அடைத்தால் குழாய் தட்டும். அது ஒன்றிரண்டு தட்டு, பிறகு அடங்கிவிடும். அண்ணாச்சி வீட்டுத் தெருமுனையில் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே எனக்குக் கேட்டது. விடாமல் அடித்தது. வீடு முழுக்க, மூன்று மாடியிலும், சுவருக்குள் அடித்தது.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "என்ன சூசை, வெந்நி வரல்ல, புஸ்ஸுபுஸ்ஸுன்னு காத்துதான் வருது. சூடு பத்தலன்னு இன்னும் ரெண்டு கட்ட வைக்கச் சொன்னேன்" என்றார்.

காற்று இல்லை, ஆவி. மேலே இன்னும் இரண்டு கட்டை வேறு வைத்திருக்கிறார்கள்.

"குளிக்கிற ரூம்ல யாரு கீறாங்க?"

"மூணாவது மாடியில மருமவ. பிள்ளையக் குளிப்பாட்டப் போயிருக்கா."

பிள்ளைக்கு நாற்பது நாள். அண்ணாச்சி மனைவி பொன்னம்மாளிடம் சொன்னேன்: "அம்மா, மேல போயி பைப்பத் தொடாத கூட்டியாந்துடுங்கோ. வாசப் படி வழியா வாங்கோ, பின்பக்கம் வராதீங்கோ. வூட்ல யாரும் எந்த பைப்பையும் தொறக்கக் கூடாது." அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்.

பின்கட்டுக்குப் போனேன். வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு குடம் தண்ணீரோடு அடுப்பு வாயில் நின்றாள். தீயை அணைக்கப் போகிறாளாம். நல்ல புத்திதான், ஆனால் பழுக்கக் காய்ந்த தகட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் தகடு சுருங்கிப் பிளந்துவிடும். கையைப் பிடித்து இழுத்தேன், குடம் தரையில் உருண்டது. அவளையும் வெளியே அனுப்பினேன். பிறகு நானும் பாய்லரும் மட்டும்தான்.

அடுப்பின் கதவைக் கொக்கியால் திறந்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். நேராக நிற்கக் கூடாது. மூடிக்கு எதிரில் நிற்கக் கூடாது. இழுத்த கட்டை மேல் மணலைத் தள்ள வேண்டும். கடைசித் தணல் வரை வாரி வெளியே போட வேண்டும், தணல் கிடந்தாலும் தகடு சூட்டை விடாது. பாய்லர் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் முனுசாமியின் முகம் வந்தது. மங்கள வார்த்தை ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபம், பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை. திரும்பத் திரும்ப அந்தப் பாதியையே சொன்னேன். கால்சட்டை நனைந்திருந்தது. தண்ணீர்க் குடம் உருண்டதால் நனைந்தது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன்.

தட்டு அடங்க அரைமணி நேரம் ஆனது. ஈரச் சாக்கை ரெஞ்சில் சுற்றி, சுவருக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டி, கீழ்க் குழாயைக் கால் சுற்றுத் திறந்தேன். ஆவி சீறிக்கொண்டு எதிர்ச் சுவரில் அடித்தது. சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. பிறகு ஆவியும் தண்ணீருமாக வந்தது, பிறகு தண்ணீர்.

அந்த வீட்டில் என்னைக் கொண்டாடிவிட்டார்கள். பொன்னம்மாள் வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். மருமகள் பிள்ளையை என் காலடியில் கிடத்தி ஆசீர்வாதம் கேட்டாள். அண்ணாச்சி புதுத் துண்டு ஒன்றை என் தோளில் போட்டார். நான் அதை எடுத்துக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அண்ணாச்சி சொல்லியனுப்பி ரத்தினவேலு வந்து சேர்ந்தபோது தோளில் துண்டும் கையில் வெள்ளி டம்ளருமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். வென்ட் குழாயை ரம்பத்தால் அறுத்தார். அறுக்க ரொம்ப நேரம் பிடித்தது, அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். அறுத்த முகத்தில் வெள்ளையாக உப்புக் கட்டி அடைத்திருந்தது. நடுவில் ஊசி போகிற வழிகூட இல்லை. கம்பியால் உப்பைக் குத்தி எடுத்தார். எடுத்த பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். நகத்தோடு நின்றுவிட்டது.

"சூசை, இது முக்காலா?"

"வெளிய முக்கா, சார்."

"ஆவி வெளியவா போவும்?"

கீழே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி படியில் நின்று, "என்ன சார் கோளாறு?" என்று கூப்பிட்டார். ரத்தினவேலு எட்டிப் பார்த்து, "உப்பு கட்டிக்கினு கீது, அண்ணாச்சி. மாத்திடலாம்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பைப்பு வேற எங்கனா போட்டீங்களா?"

"இல்ல, சார்."

எப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை. நினைத்துச் சொன்ன பொய் இல்லை. அடி விழும்போது கை தானாக முகத்தை மறைக்குமே, அப்படி வந்துவிட்டது. அந்த மாதம் என்னை ஹெட் பிட்டராக ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. ஒரு வீட்டில் தப்பு என்றால் தப்பு. இரண்டு வீட்டில் என்றால் லைசென்ஸ் போய்விடும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருவரும் வேலை கொடுக்க மாட்டார்கள். போலீஸ்கூட வரலாம். இதெல்லாம் பிறகு யோசித்தது. 'இல்ல, சார்' என்று சொல்லி முடித்ததும் கண் முன்னால் வந்தது அந்த ஒற்றைச் சுவரும் நாலு பிள்ளைகளும்தான். ரத்தினவேலு இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. அறுத்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருவொற்றியூரில் தம்பி வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். உள்ளே போய் இரண்டே வார்த்தை, 'பாய்லர் பத்தவைக்காதீங்கோ' என்று சொன்னால் முடிந்தது. காரணம் கேட்பார்கள். அண்ணாச்சிக்குப் போகும், அண்ணாச்சியிடமிருந்து ரத்தினவேலுவுக்குப் போகும். பாய்லர் வீட்டின் பின்பக்கம், தெருவிலிருந்து ஒன்றும் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏழரை மணிக்கு நாலு பிள்ளைகளும் ஈரத்தலையைப் படிய வாரிக்கொண்டு பையோடு வெளியே வந்தன. எண்ணினேன். நாலு. மூச்சு விட்டேன். வேலைக்குப் போனேன்.

அங்கே தண்ணீரில் உப்பு கம்மி, குழாயும் ஏழே அடி, அவ்வளவு சீக்கிரம் அடைக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அந்தச் சமாதானம் போய்விடும். சாயங்காலம் ரத்தினவேலு வழக்கம்போல் கேட்டார்: "வேற எதுனா சொல்லணுமா, சூசை?"

"ஒண்ணும் இல்ல, சார்."

வெள்ளிக்கிழமையும் டீக்கடை. அன்று மூன்று பிள்ளைகள்தான் வந்தன. நாலாவது வர இரண்டு நிமிஷம் ஆனது, ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததாம். அந்த இரண்டு நிமிஷத்தில் என்னென்ன பார்த்தேன் என்பதை எழுத மாட்டேன். சனிக்கிழமை ஏதோ ஒரு ஆலையின் சங்கு ஊதியதற்குக் கையிலிருந்த டீ முழுக்கச் சட்டையில் கொட்டிவிட்டது. டீக்கடைக்காரர், "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மூணு நாளா பாத்துகினு கீறேன்" என்றார். வெள்ளியும் சனியும் ரத்தினவேலு அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், உப்பு, பொய், நாலு பிள்ளைகள். திரைக்கு மறுபக்கத்திலிருந்து சாமியார் கேட்டார்:

"அந்த வீட்டுல அடுப்பு நாளைக்கும் பத்தவைப்பாங்களா?"

"ஆமாங்க சாமி. அஞ்சரைக்கு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சாமி."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எழுந்து போ. அங்க சொல்லிட்டு வா, மன்னிப்புப் பத்தி அப்புறம் பேசலாம்."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். எழுந்து வெளியே வந்தேன். அப்போதே போயிருக்கலாம், போகவில்லை. ஞாயிறு விடிந்ததும் ரெஞ்சையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு, நல்ல முக்கால் இஞ்ச் குழாய் எட்டு அடியைத் தோளில் வைத்துக்கொண்டு, பூசைக்குப் போகாமல் திருவொற்றியூருக்குப் போனேன்.

தம்பியின் மனைவி செல்லத்தாய் கதவைத் திறந்தார்.

"வாங்க, சூசண்ணே. ஒருவழியா வந்தீங்களே."

நான் எதையும் காதில் வாங்கவில்லை. "அம்மா, பாய்லரு பத்த வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினேன்.

பாய்லர் ஜில்லென்று இருந்தது. அடுப்பு பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. விறகு வைக்கிற இரும்புத் தட்டியைக் காணோம்.

"உங்க சார் புதன்கிழமை சாயங்காலமே வந்தாவளே" என்றார் செல்லத்தாய். "மாடியில ஏறிப் பாத்தாவ. அடுப்புத் தட்டியக் கழத்திக் கையோட கொண்டு போயிட்டாவ. ஒரு சின்ன வேல இருக்கு, சூசை வந்து செய்வாரு, அதுவரைக்கும் பத்தவைக்க முடியாதுன்னாவ. நாலு நாளா பிள்ளையளுக்கு அடுக்களை அடுப்புலதான் சுட வச்சு ஊத்துதேன்."

குழாய் ஒன்று இருபது அடி நீளத்தில்தான் வரும், அதில் பதிமூன்று போனால் ஏழு. அந்தக் கணக்கு யாருக்கும் வரும். என் பொய்யை மொட்டை மாடியிலேயே தெரிந்துகொண்டு, அன்றைக்கே தட்டியைக் கழற்றிவிட்டு, மூன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். ஒரு நொடி எனக்கு அவர் மேல் கொலைவெறி வந்தது. பிறகு பாய்லர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே, என்ன செய்யுது?"

சொல்லிவிட்டேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. அண்ணாச்சி வீட்டில் பாய்லர் ஆடினது, என் குழாய், இந்தச் சுவர், சாரிடம் சொன்ன பொய். செல்லத்தாய் நின்றபடியே கேட்டார். கடைசிப் பிள்ளை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"உங்க சார் சொன்னப்ப எனக்குப் பயமே வரல்ல" என்றார். "நீங்க சொல்லயிலதான் வருது."

நான் ரெஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மூணு நாளும் காலையில எதுத்தாப்ல டீக்கடையில நின்னீங்க. சன்னல் வழியாப் பாத்தேன். வேலைக்குப் போற வழியில நிக்கீங்க போலன்னு நெனச்சேன். பிள்ளையள்கிட்டகூட, அந்தா நிக்காவ பாரு, நம்ம வீட்டுக்குக் குழா போட்டவுகன்னு காட்டுனேன்." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினார். "அங்க காதத் தீட்டிக்கிட்டு நின்னு என்னத்தண்ணே கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

எழுந்து, குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினேன்.